முழங்கால் மாற்று அறுவை: ஸ்டென்ட் உள்ளவருக்கு டிரானெக்சாமிக் அமிலம் கொடுக்கலாமா?

கேள்வி:
68 வயதான என் தாயாருக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். இரத்தப்போக்கைக் குறைக்க டிரானெக்சாமிக் அமில ஊசி போடுவார்களாம். நான்கு ஆண்டுகளுக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவருக்கு இதனால் மீண்டும் அடைப்பு வந்துவிடாதா?

மறுமொழி 1 (மயக்கவியல் மருத்துவர்):
அச்சம் நியாயமானதே. ஆனால் இம்மருந்து புதிதாக இரத்தத்தை உறைய வைப்பதில்லை. வெட்டுவாயில் ஏற்கெனவே உருவான ஃபைப்ரின் வலையில் (இரத்தக்கட்டியைப் பிடித்துவைக்கும் புரத இழைகள்) பிளாஸ்மினோஜென் (அந்த இழைகளைக் கரைக்கும் நொதியின் முன்வடிவம்) பற்றிக்கொள்ள விடாமல் தடுத்து, அந்த வலை விரைவில் கரைந்துபோகாமல் காக்கிறது. இரத்த ஓட்டத்தை நிறுத்தத் தொடையில் இறுக்கிய டூர்னிகே பட்டையைத் தளர்த்தியதும் இந்தக் கரைப்பு வேகமெடுக்கும் என்பதால், அறுவை மேசையில் கண்ணுக்குத் தெரிவதைவிட, வார்டுக்குத் திரும்பிய பின் திசுக்களுக்குள் கசிவதே பெரும்பாலும் அதிகம். வழக்கமாகத் தோலைக் கீறுவதற்கு முன் 1 கிராம் நரம்பு வழியே செலுத்துவோம். இரத்தம் ஏற்றவேண்டிய தேவை தெளிவாகக் குறைகிறது. அண்மையில் ஸ்டென்ட் வைத்தவர்களிடம்தான் எனக்குத் தயக்கம் அதிகம். நான்கு ஆண்டு என்பது வேறு. இருந்தாலும் இதய மருத்துவரின் கருத்தை எழுத்தில் பெறுங்கள்.

மறுமொழி 2:
சிறுநீரகத்தை மறந்துவிடாதீர்கள். மருந்து சிறுநீர் வழியாகவே வெளியேறுவதால், இரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்டும் கழிவுப்பொருள்) கூடியிருந்தால் அளவைக் குறைப்பார்கள். மூட்டுக்குள்ளேயே மருந்தை ஊற்றும் முறையும் உண்டு. அதில் இரத்தத்தில் கலப்பது குறைவு.

கேள்வி கேட்டவர்:
நன்றி. ஆஸ்பிரினை நிறுத்தலாமா?

மறுமொழி 1:
நீங்களாக நிறுத்தவே வேண்டாம். ஸ்டென்ட் உள்ளவருக்கு அதுவே பெரிய ஆபத்து.