நீட் முடியும்வரை சாமி காத்திருக்குமா?

ஹாஸ்டல் பையன், நாமக்கல்: பிளஸ் டூ படிக்கிறேன். காலை ஐந்து மணிக்கு ஸ்டடி, இரவு பத்தரைக்கு விளக்கணைப்பு. வீட்டில் இருந்தவரை தூங்கும் முன் தனியாக ஜெபம் பண்ணுவேன். இங்கே ஓர் அறையில் எட்டுப் பேர். அறைக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபம் செய் என்கிறது மத்தேயு 6ஆம் அதிகாரம். எனக்கு அப்படி ஒரு கதவு இல்லை. மே மாதம் நீட் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம் என்கிறார் வார்டன். அதுவரை தள்ளிப்போடுவது சரியா?

ஈரோட்டு வாத்தியார்: தம்பி, செய்யும் தொழிலே தெய்வம். உன் தொழில் இப்போது படிப்பு. கறவை மாட்டை விற்று ஃபீஸ் கட்டுகிற பெற்றோரை நான் பார்க்கிறேன். எங்கள் கொடுமுடியில்தான் சுந்தரர், 'உன்னை நான் மறந்தாலும் என் நாக்கு நமச்சிவாய என்று சொல்லும்' என்று பாடினார். மறதியைப் பொறுத்துக்கொள்கிறவன்தான் கடவுள்.

சென்னிமலை நர்சிங் மாணவி: சார், நாக்கு தானாகச் சொல்லும் அளவுக்கு அவர் எத்தனை காலம் சொல்லிப் பழகியிருப்பார்! மலையில் 1,320 படி இருக்கிறது, லீவு நாளில்தான் ஏற முடிகிறது. ஆனால் காலேஜ் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் பெருந்துறை வருவதற்குள் சஷ்டி கவசம் முடிந்துவிடும். பரீட்சைக்கு மட்டும் ஹால் டிக்கெட்டைச் சாமி காலடியில் வைத்து எடுத்தால் அது உறவாகாதுங்க.

ஈரோட்டு வாத்தியார்: ஹாஸ்டல் பையனுக்கு பஸ் ஏது அம்மணி? தூக்கத்தில் கை வைத்தால் காலையில் பிசிக்ஸ் மண்டையில் ஏறாது. ஜெபம் விட்டுப்போச்சே என்று மருகி, படிப்பையும் கோட்டை விட்ட பிள்ளைகள் என் வகுப்பிலேயே உண்டு. அந்தப் பாரம் இவனுக்கு வேண்டாம்.

கருமத்தம்பட்டி அண்ணன்: சார் சொல்லும் மருகல் உண்மைதான். ஜெபத்தையும் ஹோம்வொர்க் மாதிரி எடுத்துக்கொண்டால் அப்படித்தான் ஆகும். ஆனால் பைபிளில் வரும் தானியேலும் மாணவன்தானே? பாபிலோனுக்குப் பிடித்துப்போய், கல்தேயரின் எழுத்தையும் மொழியையும் மூன்று வருஷம் படிக்க வைத்தார்கள். பின்னால் ராஜாவின் வேலை தலைமேல் இருந்தபோதும், எருசலேம் பக்கம் ஜன்னலைத் திறந்து தினமும் மூன்று வேளை முழங்காலிட்டார். ராஜாவைத் தவிர யாரிடமும் விண்ணப்பம் செய்யக்கூடாது என்று தடை வந்தபோதும் நிறுத்தவில்லை. தம்பி, தூக்கத்தைக் குறைக்காதே. சாயங்காலம் டீ குடித்ததும் மாடிக்குப் போ, துணி காயும் கொடிப் பக்கம் ஆள் இருக்காது. பத்து நிமிஷம் போதும். அழகாக ஜெபிக்க வேண்டியதில்லை. கெமிஸ்ட்ரியில் மார்க் போச்சு, வீட்டு ஞாபகம் வருது, அதை அப்படியே சொல்.

ஹாஸ்டல் பையன், நாமக்கல்: டீக்கு அப்புறம் அரை மணி விடுவார்கள் அண்ணா. மாடி திறந்துதான் இருக்கும். இன்றைக்கே போகிறேன்.

ஈரோட்டு வாத்தியார்: போய்ட்டு வா சாமி. மாதத் தேர்வு வாரத்தில் மட்டும் அதை விட்டுவிடு.

சென்னிமலை நர்சிங் மாணவி: அந்த வாரத்தில்தான் சார் விடவே கூடாது.