சான்றிதழில் 0.036, ஆய்வகத்தில் 0.043: எந்த எண்ணை நம்புவது?

குளச்சல்காரன்:
குளச்சலில் வீட்டு வேலை நடக்கிறது. ஃபெ 500டி ரகக் கான்கிரீட் கம்பி இறக்கியிருக்கிறேன். ஆலையின் தரச் சான்றிதழில் பாஸ்பரஸ் 0.036 சதவீதம். அதே ஹீட் எண் (ஒரே உருகலில் வார்த்த தொகுதியின் எண்) உள்ள 12 மி.மீ. கம்பித் துண்டை வெளி ஆய்வகத்துக்கு அனுப்பினேன், 0.043 என்று வந்திருக்கிறது. கம்பிகளுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 1786 இந்த ரகத்துக்கு வைத்திருக்கும் வரம்பு 0.040. சரக்கைத் திருப்பிவிடலாமா?

மார்த்தாண்டம் பொறியாளர்:
தயங்காமல் திருப்புங்கள். பாஸ்பரஸ் கூடினால் எஃகு நொறுங்கும் தன்மை பெறும். 500டி ரகத்துக்குக் கூடுதல் விலை கொடுப்பதே அறுவதற்கு முன் குறைந்தது 16 சதவீதம் நீளும் நீட்சிக்காகத்தான். பழைய இரும்பை இண்டக்‌ஷன் (மின்தூண்டல்) உலையில் உருக்கும் ஆலைகளில் பாஸ்பரஸை நீக்க வழி மிகக் குறைவு. உள்ளே போனது பெரும்பாலும் கம்பியிலேயே தங்கும்.

உலைக்கூட ஆய்வாளர்:
இது அவசர முடிவு, சார். 0.040 என்பது வார்க்கும்போது லேடிலில், அதாவது உருகிய எஃகை ஏந்தும் கலத்தில், எடுக்கும் மாதிரிக்கான வரம்பு. முடிந்த கம்பியைச் சோதித்தால் பாஸ்பரஸ் 0.005 வரை கூடுதலாக இருக்கலாம் என்று அதே தரநிலை இடம் தருகிறது. 0.045க்கு உள்ளே இருப்பதால் இந்தக் கம்பி தேறிவிட்டது. தவிர, மின்பொறி பாய்ச்சி அதன் ஒளியால் தனிமங்களை அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டரில் பொறி விழத் தட்டையான, பளிச்சென்று தேய்த்த பரப்பு வேண்டும். 12 மி.மீ. கம்பியின் வெட்டுமுகம் சிறியது. காற்றைத் தடுக்கச் செலுத்தும் ஆர்கான் வாயு ஓரத்தில் கசிந்தால் எண் தவறும்.

மார்த்தாண்டம் பொறியாளர்:
கசிவு என்ற வாதத்தை ஏற்க முடியாது, அண்ணாச்சி. பாஸ்பரஸை அளக்கும் ஒளி 178 நானோமீட்டர் அருகே இருக்கிறது. காற்று நுழைந்தால் அந்த ஒளியை விழுங்கிவிடும். அளவு குறைந்துதான் காட்டும். அப்படியானால் உண்மை 0.043ஐ விடவும் கூடுதலாக அல்லவா இருக்க வேண்டும்?

உலைக்கூட ஆய்வாளர்:
நியாயமான கேள்வி. கூடுதலுக்குக் காரணம் வேறிடத்தில் இருக்கலாம். கம்பியாக உருட்டப்படும் வார்ப்புக் கட்டையான பில்லட் வெளியிலிருந்து உள்நோக்கி உறைகிறது. பாஸ்பரஸும் கந்தகமும் கடைசியில் உறையும் நடுப்பகுதிக்கு ஒதுங்குகின்றன. உருட்டிக் கம்பியாக்கிய பிறகும் அந்தச் செறிவு நடுவில் நிற்கும். பொறி நடுவில் விழுந்தால் ஓர் எண், விளிம்பை ஒட்டி விழுந்தால் வேறோர் எண். லேடில் மாதிரியோ ஒரே சீராகக் கலந்த உருகலிலிருந்து வருவது. ஆகவே 0.036, 0.043 இரண்டும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை.

மார்த்தாண்டம் பொறியாளர்:
நடுவில் செறிவு நிற்கிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். என் கவலையும் அதுதான். ஸ்பெக்ட்ரோமீட்டர் கந்தகத்தின் மொத்த அளவைச் சொல்லும். அது மாங்கனீஸ் சல்பைடாக நீண்ட இழைகளாய்க் கிடக்கிறதா என்று சொல்லாது. அதற்கு மெருகேற்றிய துண்டை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். ஹீட்டுக்கு ஒரு சான்றிதழ் கொடுத்துவிட்டு ஆலை கைகழுவுவதை நான் ஏற்கமாட்டேன்.

உலைக்கூட ஆய்வாளர்:
வீட்டுக் கம்பிக்கு நுண்ணோக்கி வரை போக வேண்டாம். இழுவிசை, வளைவு, மீள்வளைவு (வளைத்துத் திரும்ப நிமிர்த்துவது) சோதனைகளைத் தரநிலை கேட்பது இதற்காகத்தான். நொறுங்கும் கம்பி மீள்வளைவில் விரிசல் காட்டிக்கொடுக்கும்.

குளச்சல்காரன்:
கடற்காற்று இங்கே ஓயாது. இந்தப் பாஸ்பரஸால் துரு சீக்கிரம் பிடிக்குமா?

மார்த்தாண்டம் பொறியாளர்:
அந்த அச்சம் வேண்டாம். இதில் எங்கள் இருவருக்கும் கருத்து வேற்றுமை இராது. துருவுக்குக் காரணம் கான்கிரீட்டுக்குள் புகும் உப்பின் குளோரைடு. கடலோரச் சூழலை கான்கிரீட்டுக்கான தரநிலை ஐஎஸ் 456 கடுமையானது என்று வகைப்படுத்தி, எம்30 வலிமைத் தரக் கான்கிரீட்டும் கம்பிக்கு மேல் 45 மி.மீ. கான்கிரீட் மூடுபடலமும் கேட்கிறது. கொத்தனார் 25 மி.மீ. போதும் என்றால் விடாதீர்கள்.

குளச்சல்காரன்:
சரக்கைத் திருப்புவதை நிறுத்திவைக்கிறேன். அதே கட்டிலிருந்து வேறு துண்டுகளை அனுப்பி, நடுவிலும் விளிம்பை ஒட்டியும் தனித்தனியே பொறி விழச் செய்து, எண்களைத் தனித்தனியே எழுதித் தரக் கேட்கிறேன். மீள்வளைவும் நீட்சியும் சேர்த்துப் பார்க்கப்படும்.

மார்த்தாண்டம் பொறியாளர்:
துண்டுகளை ஒரே கம்பியில் வெட்டாதீர்கள். வெவ்வேறு கம்பிகளில் எடுங்கள். 0.045ஐ ஒன்று தாண்டினாலும் மொத்தமாகத் திருப்ப வேண்டும் என்பதுதான் என் நிலை.

உலைக்கூட ஆய்வாளர்:
ஒன்று தாண்டினால் மறுசோதனை, அதிலும் தாண்டினால் திருப்புதல். அறிக்கை வந்ததும் எண்களை இங்கே இடுங்கள்.