பைப், சுங்கான், சுருட்டுக் குழல்: மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

தெற்குவீதி

எட்டு மாதமாக யாரிடமும் சொல்லவில்லை. இங்கே பைப் சேகரிப்பவர்களுக்குத்தான் புரியும் என்று எழுதுகிறேன்.

காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத்தில் ஒரு ஊர். பெயர் வேண்டாம். வீட்டைப் பிரித்து விற்றுக்கொண்டிருந்தார்கள். நிலை, தூண், கதவெல்லாம் ஏற்கெனவே முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு லாரி ஏறிவிட்டன. சென்னையிலிருந்து வந்திருந்த பேரன், "ஐயாவோட பைப் கொஞ்சம் இருக்கு, வந்து பாருங்க" என்று போன் செய்தார். பர்மா அரக்குப் பெட்டி ஒன்று. உள்ளே சிவப்புத் துணி வைத்துத் தைத்த மெத்தை. அதில் 11 பைப். எல்லாம் பிரையர் மரம், ஒன்று மட்டும் சோளக்கட்டை. இரண்டின் வாய்க்குழலில் வெள்ளைப் புள்ளி. ஐயா பினாங்கில் இருந்துவிட்டு எழுபதுகளில் ஊர் திரும்பியவர். பெட்டி அவருக்கும் முந்தையது, அவருடைய அப்பச்சி, அதாவது அப்பா, ரங்கூனிலிருந்து கொண்டுவந்ததாம்.

விலை பேசி முடித்த பிறகு வீட்டின் இரண்டாம் கட்டிலிருந்து ஐயாவின் மனைவி, ஆச்சி வந்தார்கள். வெள்ளைப் புள்ளி பைப்புகளைத் தொடவே இல்லை. வளைந்த தண்டுள்ள ஒன்று, விளிம்பு கருகி ஒரு பக்கம் தேய்ந்தது, சேகரிப்பவர் யாரும் இரண்டாவது தடவை பார்க்க மாட்டார்கள், அதை எடுத்து மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். முகரும் மாதிரி இல்லை, சும்மா வைத்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் அதே குழியில் வைத்துத் தானே மூடியைச் சாத்தி, "கொண்டு போங்க தம்பி" என்றார்கள்.

அன்று இரவே எல்லாவற்றையும் சுத்தம் செய்தேன். கரியைச் சுரண்டி, பைப்பின் புகையிலைக் கிண்ணத்தில் கல்லுப்பு நிரப்பி, ஸ்பிரிட் ஊற்றினேன். காலையில் உப்பு காப்பிப் பொடி நிறத்துக்கு வந்திருந்தது. கொட்டிவிட்டேன்.

ஒரு மாதம் கழித்துப் பேரன் கூப்பிட்டார். "அப்பத்தா அந்த வளைஞ்சதை மட்டும் கேக்குறாங்க. பணத்தைத் திருப்பிக் குடுத்துர்றேன்." பணமெல்லாம் வேண்டாம் என்று அடுத்த பஸ்ஸிலேயே எடுத்துக்கொண்டு போனேன். பளபளவென்று இருந்தது, எனக்கும் பெருமைதான். ஆச்சி வாங்கினார்கள், மூக்குக்கிட்ட கொண்டுபோனார்கள், என்னைப் பார்த்தார்கள்.

"இது அவுகளது இல்லையே தம்பி."

அதேதான் ஆச்சி, கழுவியிருக்கிறேன், என்று எவ்வளவோ சொன்னேன். நம்பவில்லை. நான் மாற்றிக் கொடுத்துவிட்டதாக நினைத்தார்கள். கோபப்படக்கூட இல்லை. ஊஞ்சல் பலகையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.

வெள்ளிப்பூண்

தம்பி, படித்ததும் கஷ்டமாக இருந்தது. ஆனால் உப்பு முறையைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும், இதைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் செய்வார்கள்.

உப்பு வேண்டாம். ஈரத்தை இழுக்கிற பொருள். கிண்ணத்தின் அடியில், துளை தண்டுக்குள் திரும்புகிற இடத்தில், துளி உப்பு தங்கினாலும் மழைக்காலத்தில் மரம் விரியும். அப்படித் தண்டு வெடித்த பைப் என்னிடம் மூன்று வந்திருக்கிறது. பஞ்சை உருட்டி அடைத்து ஸ்பிரிட்டைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பஞ்சு அதே வேலையைச் செய்யும், எடுப்பதும் சுலபம்.

கரியை முழுக்கச் சுரண்டாதீர்கள். ஒரு ரூபாய் நாணயத்தின் கனத்துக்கு விட்டுவிட வேண்டும். பிரையர் என்பது மத்தியதரைக் கடலோரம் வளரும் ஒரு புதர்ச் செடியின் வேர்முண்டு. பல மணி நேரம் வேகவைத்து, மாதக்கணக்கில் காயவைத்துத்தான் கடைசலுக்குக் கொண்டுவருவார்கள். சூட்டைத் தாங்கும், உண்மைதான். ஆனாலும் நெருப்புக்கும் மரத்துக்கும் நடுவில் அந்தக் கரிப் படிவு இருந்தால்தான் ஆயுள்.

எபோனைட் வாய்க்குழலை ஸ்பிரிட்டில் ஊறப்போடாதீர்கள். அது ரப்பரும் கந்தகமும் சேர்த்துச் செய்தது. வெளிச்சம் பட்டுப் பட்டுப் பச்சை கலந்த பழுப்பாகிவிடும், அதை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து எடுக்கலாம். சூடாக இருக்கும் பைப்பிலிருந்து வாய்க்குழலைக் கழற்றவே கூடாது.

வெள்ளைப் புள்ளி இருந்தால் உடனே டன்ஹில் என்ற இங்கிலாந்துக் கம்பெனி பைப் என்று முடிவு கட்டாதீர்கள். வாய்க்குழலின் மேல்பக்கம் எது என்று தெரிவதற்காக அவர்கள் வைத்த அடையாளம் அது. அதைப் பார்த்துப் புள்ளி வைத்தவர்கள் நிறைய. தண்டில் 'மேட் இன் இங்கிலாந்து' என்ற எழுத்தின் வாலில் சின்னதாக ஒரு எண் இருக்கும். ஆண்டைக் கணிக்க அதுதான் துணை.

என் சம்பவம் சின்னது. நாலைந்து வருடம் முன்பு ஒரு வியாபாரியிடம் சொரசொரப்பான ஒரு பைப் பார்த்தேன், டன்ஹில் 1917 வாக்கில் கொண்டுவந்த ஷெல் வகை. முத்திரை தெளிவாக இருந்தது. முன்பணம் கொடுத்துவிட்டு மறுநாள் போனேன். எனக்காக நல்லபடியாகக் கொடுக்க வேண்டும் என்று இரவோடு இரவாக பாலிஷ் சக்கரத்தில் கொடுத்து வழவழவென்று வைத்திருந்தார். முத்திரையும் போய்விட்டது, சொரசொரப்பும் போய்விட்டது. அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். மீதிப் பணத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தேன்.

ராயவரத்துப்பேத்தி

தெற்குவீதி அண்ணே, நீங்கள் தெரியாமல் செய்தீர்கள். நானும்தான்.

எங்கள் ஐயாவிடம் ஒரு வெள்ளை பைப் இருந்தது. தலைப்பாகை கட்டிய தாடிக்காரர் முகம் செதுக்கியது. அந்த மெத்தென்ற வெள்ளைக் கல்லுக்கு மீர்ஷாம் என்ற பெயரெல்லாம் இப்போதுதான் தெரியும், வீட்டில் "தாடிக்காரர்" என்போம். வெள்ளை என்று சொன்னேனே தவிர, எனக்கு நினைவு தெரிந்தபோது அது வெள்ளையாக இல்லை. அடியில் பனங்கற்கண்டு நிறம், கன்னத்தில் தேன், தலைப்பாகையில் மட்டும் கொஞ்சம் வெளுப்பு. சாயங்காலம் முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து பிடிப்பார். கையால் கிண்ணத்தைத் தொட மாட்டார், தண்டைத்தான் பிடிப்பார்.

பொங்கலுக்கு முன்னால் வீடு முழுக்க ஒட்டடை அடித்து, பாத்திரம் துலக்கி, வளவெல்லாம் கழுவிவிடுவார்கள். எனக்குப் பன்னிரண்டு வயது. ஐயாவுக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று தாடிக்காரரைச் சுடுதண்ணீரில் போட்டு, சீயக்காய் தேய்த்துக் கழுவினேன். தண்ணீருக்குள் கையில் சோப்பு மாதிரி வழுக்கியது. மேலே இருந்த மெழுகெல்லாம் போய்த் தேன் நிறம் திட்டுத் திட்டாகிவிட்டது. மூக்கு நுனி மழுங்கியது.

ஐயா வாங்கிப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார், காய்ந்த பிறகும். "நல்லா வெளுத்துருக்கு ஆத்தா" என்றார். அப்புறம் அதைப் பிடித்து நான் பார்க்கவில்லை.

அந்த நிறம் வர எத்தனை வருடம் ஆகும் என்று இங்கே யாராவது எழுதினால் படிக்காமல் தாண்டிப் போய்விடுவேன்.

கல்கண்டு

முதலில் அது மீர்ஷாம்தானா என்று பார்க்க வேண்டும். சுண்ணக்கட்டியில் செய்ததும் உண்டு, மீர்ஷாம் தூளை அழுத்திச் செய்ததும் உண்டு. நல்லது துருக்கியில் எஸ்கிஷெஹிர் பக்கம் பூமிக்கு அடியிலிருந்து வெட்டி எடுப்பது. காய்ந்த கட்டி தண்ணீரில் மிதக்கும். எடை பார்த்தாலே தெரியும், கையில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். நகத்தால் கீறினால் கோடு விழும், அதனால் கீறிப் பார்க்காதீர்கள். தேன்மெழுகில் தோய்த்திருப்பார்கள், புகையும் மெழுகும் சேர்ந்துதான் நிறம் கொடுக்கிறது.

வாய்க்குழல் என்ன பொருள் என்று யாருமே சொல்லவில்லை. இந்தப் பக்கத்து வீடுகளில் அதுதான் முக்கியம். அம்பர், அதாவது கல்லாகிப்போன மரப்பிசின், என்று சொல்லி பேக்கலைட் பிளாஸ்டிக்கை விற்கிறார்கள். அம்பர் என்றால் கையில் குளிராது, லேசாக இருக்கும், துணியில் தேய்த்தால் காகிதத் துணுக்கை இழுக்கும். அடர்த்தியான உப்புத் தண்ணீரில் மிதக்கும், பேக்கலைட் மூழ்கும். பர்மாவிலேயே ஹுக்காங் பள்ளத்தாக்கில் அம்பர் கிடைப்பதால் நம் வீடுகளில் உண்மையானது இருக்கவும் வாய்ப்புண்டு.

தந்தமாக இருந்தால் வாங்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, வெளிநாட்டிலிருந்து வந்த தந்தத்தையும் வியாபாரம் செய்யக் கூடாது. தாத்தா காலத்துப் பொருள் என்று சொன்னாலும் செல்லாது. ஒருமுறை ஒரு பெரியவர் தந்தக் குழலை என் சட்டைப்பையில் திணித்து, "பணம் வேண்டாம், வச்சுக்கங்க, என் புள்ளைக குப்பையில போட்ருவாங்க" என்றார். திருப்பிக் கொடுத்துவிட்டேன். செய்தது சரி. அவர் வாசல் வரை என் பின்னாலேயே அதைக் கையில் நீட்டிக்கொண்டு வந்ததுதான் கண்ணிலேயே நிற்கிறது.

ராயவரத்துப்பேத்தி

மீர்ஷாம்தான். எடை எனக்குத் தெரியும், என் கையில் இருந்தது.

நங்கூரம்

என் பெயருக்குக் காரணமே இந்தச் சம்பவம்தான்.

அப்பச்சியிடம் வெள்ளிப் பூண் போட்ட சுருட்டுக் குழல் ஒன்று. பூணில் மிகச் சின்னதாக ஒரு நங்கூரம். "இது ஐயா ரங்கூனுக்குக் கப்பலேறின அடையாளம், கொண்டுவிக்கப் போனவுகளுக்கு மட்டும் கம்பெனியில பொறிச்சுக் குடுப்பாக" என்று சின்ன வயதிலிருந்து சொல்லுவார். கல்யாணம், புதுமை, சாந்தி என்று எந்த விசேஷத்துக்கு உறவுகள் வந்தாலும் அந்தக் குழல் வெளியே வரும், கதையும் வரும்.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்த புதிதில் ஒரு பூதக்கண்ணாடி வாங்கினேன். அதை வைத்து அவருக்கே காட்டினேன். பாருங்க அப்பச்சி, பக்கத்தில் நடக்கிற சிங்கம் இருக்கு, அது நூற்றுக்குத் தொண்ணூற்று இரண்டரை வெள்ளி என்பதற்கு. நங்கூரம் பர்மிங்காம் ஊரில் தரம் பார்த்ததற்கான முத்திரை. இந்த எழுத்து ஆண்டுக்கு. உலகம் பூரா லட்சக்கணக்கில் இருக்கு.

கண்ணாடியைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். "பர்மிங்காமுல கடல் இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப நங்கூரம் எதுக்கு?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்றதும் முகத்தில் ஒரு தெளிச்சி வந்தது. ஆனால் அடுத்த கல்யாணத்தில் குழலை எடுக்கவில்லை. போன தையில் தவறிவிட்டார். இப்போது என் பிள்ளைகளுக்கு எந்தக் கதையைச் சொல்வது என்று தெரியாமல் குழலை பீரோவிலேயே வைத்திருக்கிறேன்.

வெள்ளிப்பூண்

நங்கூரம் தம்பி, இரண்டையும் சொல்லுங்கள். பூணை மட்டும் வெள்ளிப் பொடி போட்டுத் தேய்க்க வேண்டாம், முத்திரை மங்கிவிடும். மெத்தென்ற பருத்தித் துணி போதும்.

தீப்பெட்டிக்காரன்

நான் பைப் ஆள் இல்லை, தீப்பெட்டிதான். பெட்டகசாலைச் சுவரில் பித்தளைக் கூடு அடித்து, உள்ளே தீப்பெட்டி செருகி வைத்திருந்த வீடு ஒன்று. சுவீடன் பெட்டி. சிவகாசிக்காரர்கள் 1922இல் கல்கத்தா போய்த் தொழில் கற்று வரும் வரைக்கும் நமக்கு சுவீடனும் ஜப்பானும்தானே. படம் கலையாமல் இருந்தது, உள்ளே ஏழு குச்சி.

வீட்டுக்காரர் "பத்துமா?" என்றார். கிழித்தேன். பற்றிக்கொண்டது. எத்தனை வருடத்துக் குச்சி! விரல் சுடும் வரை இரண்டு பேரும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். இப்போது ஆறு இருக்கிறது.

பொடிமட்டை

எல்லோரும் எழுதுவதைப் படித்துக்கொண்டு வருகிறேன். என் மாமா பொடியும் புகையிலையும் போட்டு, நாக்கில் புற்று வந்து இறந்தார். கடைசி இரண்டு மாதம் பேச்சு இல்லை. எச்சில் படிக்கத்தை நான்தான் பிடிப்பேன். அவருடைய பொடி டப்பாவையும் நான்தான் வைத்திருக்கிறேன், தூர எறிய மனம் வரவில்லை. சேகரிப்பதைத் தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் இதெல்லாம் ஆளைக் கொன்ற பொருள் என்பதும் இங்கே ஒரு வரி இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

தெற்குவீதி, ஒன்று கேட்க வேண்டும். பைப்பைக் கழுவினீர்கள், சரி. பெட்டியை? அந்தச் சிவப்புத் துணியைக் கழற்றித் துவைத்தீர்களா?

தெற்குவீதி

இல்லை. துணி இற்றுப்போயிருந்தது, தொட்டால் கிழியும் என்று விட்டுவிட்டேன். கழுவின பைப்புகளையும் அதில் திருப்பி வைக்கவில்லை, கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறேன். பெட்டி பரணில் கிடக்கிறது, மூடினபடி. பார்த்துவிட்டு வருகிறேன்.

தெற்குவீதி

இருக்கிறது. வளைந்த பைப்பின் குழியில் துணி கறுத்துப்போய் இருக்கிறது, அங்கே மூக்கை வைத்தால் நன்றாகவே இருக்கிறது. மரப்புகையும் வெல்லமும் கலந்த மாதிரி. லட்டாக்கியா, அதாவது புகை போட்டுப் பதப்படுத்தின இலை, கலந்த புகையிலை பிடித்திருப்பார் போல. மற்ற குழிகளில் இவ்வளவு இல்லை.

காலையில் முதல் பஸ்ஸில் போகிறேன்.

வெள்ளிப்பூண்

தம்பி, மூடியைச் சும்மா சும்மா திறக்காதீர்கள். வெயில் பட்டால் அரக்கு உரியும். பழைய வேட்டியில் சுற்றி, மேலே பாலித்தீன் பை போட்டு மடியில் வைத்துக்கொள்ளுங்கள், பஸ்ஸில் இன்ஜின் பக்கம் உட்கார வேண்டாம். ஊஞ்சலில் வைத்த அந்த வளைந்த பைப் இன்னும் அங்கேயே இருந்தால், ஆச்சியிடம் கேட்டு அதை அதே குழியில் வைத்து மூடிவிட்டு வாருங்கள். மரம் வாசத்தை இழுக்கும். கொஞ்ச நாள் ஆகும்.