மாலையில் வழங்கும் சோறு இரவுக்குள் கெடுகிறது: வழி தெரிந்தவர்கள் உதவவும்

தமிழ்நாட்டிலுள்ள ஒரு சிறையின் சமையற்கூடத்தை நான் மேற்பார்வையிடுகிறேன். சிறைவாசிகள் ஏறத்தாழ 700 பேர். மாலை 6 மணிக்கு அறைகள் பூட்டப்படுவதால் இரவு உணவை 5 மணிக்கே வழங்கிவிடுகிறோம். பலர் அதை 8 மணிக்கு மேல்தான் உண்கிறார்கள். சித்திரை தொடங்கியதிலிருந்து, அந்த நேரத்திற்குள் சோறு நூல்விட்டுப் புளித்த வாடை வீசுகிறது. சிலருக்கு வயிற்றுப்போக்கும் ஏற்பட்டது.

அரிசியை மாற்றினோம், அண்டாக்களைக் கொதிநீரில் கழுவினோம், நீராவிக் கொதிகலனையும் பழுதுபார்த்தோம், பயனில்லை. வேகும்போது குறையில்லை என்றே கருதுகிறேன், ஏனெனில் அண்டாவில் 90 பாகை செல்சியஸுக்கு மேல் இருக்கும் சோறு, தட்டுக்கு வந்த சிறிது நேரத்தில் 45 பாகைக்கு இறங்கிவிடுகிறது. கொதித்தாலும் சாகாத பாக்டீரிய வித்துகள் 60 பாகைக்குக் கீழே முளைத்துப் பெருகி, சூட்டைத் தாங்கும் நச்சையும் உண்டாக்கக்கூடும் என்பதால், மறுபடி சூடாக்கியும் அந்த நச்சு முழுமையாக நீங்காது. பூட்டும் நேரத்தை மாற்ற எனக்கு அதிகாரமில்லை. பாதுகாப்புக் காரணங்களால் அறைகளுக்குள் மின்சாதனமோ உலோகக் கலனோ அனுமதிக்கப்படுவதில்லை. அடைபட்டிருப்பவர்களுக்கு வேறு உணவு வாங்கும் வழியே இல்லை என்பதால் இதைத் தள்ளிப்போட முடியவில்லை.

இந்தக் கட்டுப்பாடுகளுக்குள், சோற்றை மூன்று மணி நேரம் 60 பாகைக்குக் குறையாமல் வைத்திருக்க, சிறையிலோ பெரிய விடுதியிலோ நீங்கள் கையாண்டு பலன் கண்ட முறை எது?