தூத்துக்குடித் துறைமுகத்தைச் சார்ந்த துணைத் தொழில்களில் எதைத் தொடங்கலாம்?

கேள்வி: முத்துநகர்வாசி

அனைவருக்கும் வணக்கம். நான் தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் நிறுவனத்தில் (பிறர் சரக்குக்குச் சுங்க அனுமதி பெற்றுத் தரும் நிறுவனம்) பணிபுரிகிறேன். வணிகவியல் பட்டம் பெற்றிருக்கிறேன். எச் கார்டு (சுங்கத் தேர்வு எழுதாத ஊழியருக்கான சுங்கத் துறை அட்டை) வைத்திருக்கிறேன். ஷிப்பிங் பில் (ஏற்றுமதிக்கான சுங்க ஆவணம்) தயாரிப்பது முதல் சி.எஃப்.எஸ். (துறைமுகத்துக்கு வெளியே கன்டெய்னர் சரக்கைக் கையாளும் நிலையம்) வளாகத்தில் சரக்கைச் சுங்கப் பரிசோதனைக்கு முன்வைப்பது வரையிலான வேலைகள் பழக்கமானவை. இனிச் சொந்தமாக ஒரு தொழிலைத் தொடங்கலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்திருக்கிறது.

லாரியோ கப்பலோ வாங்கும் வசதி எங்களுக்கு இல்லை. ஆனால் சரக்குப் போக்குவரத்தைச் சுற்றி நடக்கும் துணைச் சேவைகள் பல இருப்பதை நாள்தோறும் பார்க்கிறேன். என் மனத்தில் இருப்பவை நான்கு. முதலாவது, ஜி கார்டு (சுங்கத் தேர்வில் தேறிய ஊழியருக்கான அட்டை) தேர்வை முடித்துப் பின்னர் சுங்கத் தரகர் உரிமம் பெறுவது. இரண்டாவது, திருப்பூரில் இருக்கும் நண்பருடன் சேர்ந்து ஃபார்வர்டிங் நிறுவனம் (ஏற்றுமதியாளருக்காகக் கப்பலில் இடம் பிடித்துச் சரக்கை அனுப்பும் தொழில்) தொடங்குவது. மூன்றாவது, திருநெல்வேலி சாலையை ஒட்டியுள்ள குடும்ப நிலத்தில் எடைமேடை அமைப்பது. நான்காவது, மரப் பேலட் (சரக்கை அடுக்கும் தட்டு), பெட்டி செய்தல், ஃப்யூமிகேஷன் (நச்சுவாயுவால் பூச்சியை அழித்தல்), கன்டெய்னருக்குள் லாஷிங் (சரக்கு நகராமல் கட்டுதல்) ஆகியவற்றை ஒரே இடத்தில் செய்து கொடுப்பது.

எந்தத் தொழிலில் எவ்வளவு லாபம் என்று கேட்கவில்லை. எதில் முதலீடு வெளியே சிக்கிக்கொள்கிறது, எதில் தவறு நேர்ந்தால் பொறுப்பு நம் தலையில் விழுகிறது, கணினிமயமாக்கலால் எது சுருங்கிக்கொண்டிருக்கிறது என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

பதில் 1: பழைய துறைமுகத்தான்

தம்பி, நான் சுங்கத் தரகு உரிமம் வைத்து இந்த ஊரிலேயே தொழில் செய்பவன் என்பதால் அதைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

ஜி கார்டு தேர்வை எப்படியும் எழுதிவிடுங்கள். எந்தத் தொழிலுக்குப் போனாலும் அது உங்களுக்குப் பயன்படும். 2018-ஆம் ஆண்டின் சுங்கத் தரகர் உரிம விதிமுறைகளின்படி உரிமத்துக்கு எழுத்துத் தேர்வும் வாய்மொழித் தேர்வும் உண்டு. தேறிய பின் 5 லட்சம் ரூபாய்க்குப் பிணை கட்ட வேண்டும். முன்பு உரிமத்தைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருந்தது. 2021-இல் வந்த திருத்தத்துக்குப் பின் அது வாழ்நாள் உரிமமாகிவிட்டது. இது வரை எல்லாம் நல்ல செய்திதான்.

சுருங்கும் பகுதியைப் பற்றிக் கேட்டீர்கள். 2020 ஜூன் மாதம் சென்னையிலும் பெங்களூரிலும் தொடங்கிய முகமறியா மதிப்பீட்டு முறை அதே ஆண்டு அக்டோபர் இறுதிக்குள் நாடு முழுவதும் வந்துவிட்டது. தூத்துக்குடியில் தாக்கல் செய்யும் பில் ஆஃப் என்ட்ரியை (இறக்குமதிக்கான சுங்க ஆவணம்) இன்று வேறொரு ஊரில் இருக்கும் அதிகாரி மதிப்பிடுகிறார். அலுவலகத்துக்கு நடையாக நடந்து, ஆளைத் தெரிந்து வைத்திருந்து, அதன் பலத்தில் தொழில் செய்தவர்களுக்கு அந்த வாசல் அடைபட்டுவிட்டது. பெரிய இறக்குமதியாளர்கள் துறைமுகத்திலிருந்து சரக்கை நேராகத் தங்கள் ஆலைக்குக் கொண்டுபோகும் வசதியைப் பெற்றிருப்பதால், அவர்களுக்கு சி.எஃப்.எஸ். வளாகத்தில் நடந்த வேலையும் குறைந்துவிட்டது. எனவே ஆவணத்தை வெறுமனே தட்டச்சு செய்து கொடுப்பதற்குக் கிடைக்கும் கூலி இனி ஏறாது. அதற்கு மாறாக, சரக்கின் வகைப்பாட்டைச் சரியாகச் சொல்பவருக்கும், கேள்வி எழுந்தால் எழுத்து மூலம் சட்டப்படி பதில் கொடுக்கத் தெரிந்தவருக்கும் முன்பைவிட மதிப்பு கூடியிருக்கிறது. உங்கள் வயதில் இருப்பவர் உழைக்க வேண்டியது அந்தப் பக்கம்தான்.

பொறுப்பு என்ற விஷயத்தில் மிகவும் கவனமாக இருங்கள். வாடிக்கையாளரின் இறக்குமதி ஏற்றுமதிக் குறியீட்டு எண், ஜி.எஸ்.டி. எண், அவர் சொன்ன முகவரியில் உண்மையிலேயே இயங்குகிறாரா என்பது ஆகிய அனைத்தையும் தரகரே சரிபார்க்க வேண்டும் என்று விதிமுறைகளின் 10-ஆம் விதி சொல்கிறது. யாரோ ஒருவர் அலைபேசியில் அனுப்பிய தாள்களை நம்பித் தாக்கல் செய்துவிட்டு, பின்னர் அந்த நிறுவனமே இல்லை என்று தெரியவந்தால், உரிமம் இடைநிறுத்தப்படும். அன்றே உங்கள் தொழில் நின்றுவிடும். உரிமத்தை வேறொருவருக்கு வாடகைக்குக் கொடுப்பது போன்ற பழக்கங்களை நெருங்கவே வேண்டாம்.

பணம் சிக்குவது வேறொரு வழியில். லைனருக்கு (கப்பல் நிறுவனத்துக்கு) கட்டும் தொகை, துறைமுகக் கட்டணம், சி.எஃப்.எஸ். கட்டணம் இவற்றையெல்லாம் வாடிக்கையாளருக்காக நாம் முன்கூட்டிக் கட்டிவிட்டுப் பிறகு வசூலிக்கிறோம். நம்முடைய ஏஜென்சிக் கட்டணம் அந்தத் தொகையில் ஒரு சிறு பங்குதான். இப்படிக் கட்டும் தொகைகளை ஜி.எஸ்.டி. விதிகளின் 33-ஆம் விதி கூறும் தூய முகவர் (வாடிக்கையாளர் சார்பில் பணம் கட்டுபவர்) நிபந்தனைகளுக்கு உட்பட்டுத் தனியாகக் காட்டினால்தான் அவற்றின் மேல் வரி சேராது. வாடிக்கையாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். வாடிக்கையாளரிடம் முன்பணம் வாங்கிக் கட்டும் பழக்கத்தை முதல் பில்லிலிருந்தே ஏற்படுத்துங்கள். பின்னால் அதைக் கொண்டுவர எவராலும் முடிவதில்லை.

பதில் 2: கொங்கு ஏற்றுமதி

நான் திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் சரக்கு அனுப்பும் பிரிவைக் கவனிக்கிறேன். ஃபார்வர்டர்களிடம் வேலை வாங்கும் இடத்தில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: இப்போதைக்கு நண்பருடன் சேர்ந்து ஃபார்வர்டிங் தொடங்க வேண்டாம்.

காரணம் எளிது. ஃபார்வர்டர் கப்பல் கட்டணத்தை லைனரிடம் உடனே செலுத்த வேண்டும். எங்களைப் போன்றவர்கள் அவருக்கு மெதுவாகத்தான் கொடுப்போம். இதைச் சொல்வதற்கு எனக்கே கூச்சமாக இருந்தாலும் எங்கள் ஊரில் நடைமுறை அதுதான். வெளிநாட்டு வாங்குநர் எங்களுக்கு எப்போது பணம் அனுப்புகிறாரோ அதைப் பொறுத்தே கீழே உள்ள எல்லோருடைய பணமும் நகர்கிறது. 2021-இல் கன்டெய்னர் தட்டுப்பாட்டால் கட்டணம் பல மடங்கு உயர்ந்தபோதும், 2023 இறுதியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கிக் கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் போகத் தொடங்கியபோதும், முன்பே ஒரு விலையைச் சொல்லி ஒப்புக்கொண்ட சிறு ஃபார்வர்டர்களின் கைப்பணம்தான் கரைந்தது. தூத்துக்குடியிலிருந்து செல்லும் பெட்டிகளில் பல கொழும்பில் பெரிய தாய்க்கப்பலுக்கு மாற்றப்படுகின்றன. அங்கு நெரிசல் ஏற்பட்டால் தாமதத்துக்கான விளக்கத்தையும் நாங்கள் ஃபார்வர்டரிடமே கேட்போம். அவர் கையில் எந்தக் கட்டுப்பாடும் இருக்காது.

சொந்தப் பெயரில் பன்முகப் போக்குவரத்து ஆவணம் (கப்பல், சாலை போன்ற பல வழிப் பயணத்துக்கும் சேர்த்து ஒரே ஆவணம்) வெளியிட வேண்டுமானால் 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தில் பதிவு செய்ய வேண்டும். முதலீடு அல்லது ஆண்டுச் சராசரி விற்றுமுதல் 50 லட்சம் ரூபாய்க்குக் குறையக்கூடாது என்பது அதன் நிபந்தனை. அது இல்லாமல் பெரிய ஃபார்வர்டருக்குத் துணை முகவராக ஆர்டர் பிடித்துக் கொடுக்கலாம். அதில் ஆபத்து குறைவு, வருமானமும் குறைவு.

பதில் 3: உப்பளத்தான்

எடைமேடையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2016 ஜூலை 1 முதல் ஏற்றுமதிக் கன்டெய்னர் ஒவ்வொன்றுக்கும் சரிபார்த்த மொத்த எடையை அறிவிக்க வேண்டும் என்ற விதி வந்தபோது பலரும் இந்தத் தொழிலில் இறங்க ஆசைப்பட்டார்கள். ஆனால் அந்தப் பெட்டிகளை எடைபோட சி.எஃப்.எஸ். வளாகங்களிலேயே மேடைகள் இருக்கின்றன. வெளி எடைமேடைக்கு உயிர் கொடுப்பது எடைக்கு விற்கப்படும் சரக்குதான்: உப்பு, நிலக்கரி, பழைய இரும்பு, மரத்தடி, தென்னை நார்க் கழிவு போன்றவை. உங்கள் நிலம் அந்த லாரிகள் போகும் பக்கத்தில், வண்டி சாலையைக் கடக்காமல் உள்ளே திரும்பி வெளியேறும்படி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எதிர்ப்பக்கம் இருந்தால் ஓட்டுநர் திரும்ப மாட்டார்.

இன்னொன்று, நிலத்தின் மட்டம். குழி வகை மேடை அமைத்தால் மழைநீர் தேங்கி லோடு செல்கள் (எடையை உணரும் கருவிகள்) கெட்டுப்போகும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய அந்த வெள்ளத்தை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்க முடியாது. குழியில்லாத மேடைக்குச் சாய்தளம் கட்ட நீளமான இடம் வேண்டும். தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவிடம் ஆண்டுதோறும் முத்திரை பெற வேண்டும். கடன் என்ற பேச்சே இல்லாமல் அன்றாடம் கையில் காசு வருவது இந்தத் தொழிலின் பெரிய நன்மை.

பதில் 4: மரப்பெட்டி

நான்காவது தொழிலை நான் செய்துவருகிறேன். அதைத்தான் பரிந்துரைக்கிறேன், ஆனால் அதிலுள்ள நான்கு வேலைகளையும் ஒரே நாளில் தொடங்கக்கூடாது.

மரத்தில் பூச்சி இல்லை என்பதை உறுதிசெய்யும் ஐ.எஸ்.பி.எம். 15 என்ற பன்னாட்டுத் தரம், ஏற்றுமதியில் பயன்படும் மரப் பொதிகள் அனைத்தையும் கட்டுப்படுத்துகிறது. வெப்பச் சிகிச்சை முறையில் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பம் தொடர்ந்து 30 நிமிடம் இருக்க வேண்டும். அறையின் வெப்பம் 56-ஐத் தொட்டால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. தடித்த கட்டைக்குள் செருகிய வெப்பமானி அந்த அளவைக் காட்டிய பிறகுதான் நேரத்தைக் கணக்கிட வேண்டும். மத்திய அரசின் தாவரப் பாதுகாப்பு, தனிமைப்படுத்தல் மற்றும் சேமிப்பு இயக்குநரகம் ஆய்வு செய்து அனுமதி தந்தால்தான் இந்தத் தரத்துக்கான கோதுமைக் கதிர் சின்ன முத்திரையைக் குத்தும் உரிமை கிடைக்கும். ஒட்டுப்பலகைக்கும் 6 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் மெல்லிய மரத்துக்கும் இந்தக் கட்டுப்பாடு இல்லை.

புதிதாக வருபவர்கள் கவனிக்கத் தவறும் இடம் ஒன்றுண்டு. பேலட்டுக்கு முத்திரை இருக்கும். ஆனால் சரக்கு நகராமலிருக்க இடையில் அடிக்கும் ஆப்புக்கட்டைகளையும் முட்டுக்கட்டைகளையும் லாஷிங் ஆட்கள் பக்கத்து மர அறுப்பாலையிலிருந்து அப்படியே எடுத்து வருவார்கள். அந்தக் கட்டைகளுக்கும் அதே தரம் பொருந்தும். முத்திரையில்லாத ஒரே ஒரு கட்டைக்காகப் போய்ச் சேரும் நாட்டில் பெட்டி முழுவதையும் நிறுத்திவைக்கலாம், திருப்பியும் அனுப்பலாம். பேலட் செய்பவரும் லாஷிங் செய்பவரும் வெவ்வேறு ஆட்களாக இருப்பதால் ஏற்படும் இந்த இடைவெளியை ஒரே கையில் நிரப்புவதுதான் உங்களுக்கு உண்மையான வாய்ப்பு என்று நான் நினைக்கிறேன். பெட்டி எப்போது பரிசோதனைக்கு வரும், கப்பலின் கட்-ஆஃப் (சரக்கை ஒப்படைக்கும் கடைசி நேரம்) எப்போது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். எங்கள் துறையில் இருக்கும் பலருக்கு அது தெரியாது.

மெத்தில் புரோமைடு ஃப்யூமிகேஷனை முதல் ஆண்டில் தொடவே வேண்டாம். அது நிறமும் மணமும் இல்லாத கொடிய நச்சு. ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் பூச்சி பரவாமல் தடுக்கும் தனிமைப்படுத்தல், ஏற்றுமதிக்கு முந்தைய சிகிச்சை போன்ற தேவைகளுக்கென்று மட்டுமே உலக ஒப்பந்தத்தில் விலக்கோடு அனுமதிக்கப்பட்டிருக்கிறது. பயிற்சி பெற்ற ஆளும் அங்கீகாரமும் இல்லாமல் அதைக் கையாள்வது சட்டமீறல் என்பதோடு தொழிலாளியின் உயிரோடு விளையாடுவதும் ஆகும். ஆஸ்திரேலியா போன்ற நாடுகள் சரியாகச் செய்யாத ஃப்யூமிகேஷன் நிறுவனங்களின் சான்றிதழை ஏற்பதில்லை. ஒருமுறை அப்படி ஏற்கப்படாதவர்களின் பட்டியலில் பெயர் ஏறிவிட்டால் வாடிக்கையாளர்கள் போய்விடுவார்கள்.

எனவே முதலில் லாஷிங்கும் பேலட் விற்பனையும். சிகிச்சை செய்த மரத்தை அனுமதி பெற்ற ஆலையிலிருந்து வாங்குங்கள். வேலை நிலைத்த பிறகு சொந்தமாக வெப்ப அறை போடலாம். இந்தத் துறைமுகம் வழியாகக் காற்றாலை இறக்கைகள் ஏராளமாகப் போகின்றன. நீண்ட சரக்கைக் கட்டிப் பிணைக்கும் திறமை வந்துவிட்டால் அந்தப் பக்கமும் வாய்ப்பு திறக்கும்.

மறுமொழி: முத்துநகர்வாசி

அண்ணன்மார் எல்லோருக்கும் நன்றி. நிலம் உப்பு லாரிகள் போகும் பக்கத்துக்கு எதிரில்தான் இருக்கிறது. ஆகவே எடைமேடை யோசனையைக் கைவிடுகிறேன். ஜி கார்டு தேர்வுக்குப் படித்துக்கொண்டே லாஷிங், பேலட் வேலையைத் தொடங்கும் எண்ணம் வலுப்பட்டிருக்கிறது. லாஷிங் வேலைக்கும் பணம் தாமதமாகத்தானே வரும்? அதற்கு என்ன பாதுகாப்பு?

பதில் 5: பழைய துறைமுகத்தான்

தாமதமாகத்தான் வரும், தம்பி. ஆனால் உங்கள் பில்லில் உங்கள் உழைப்பும் மரமும் மட்டுமே இருக்கும். வேறொருவருக்குக் கட்டிய பெருந்தொகை இருக்காது. அந்த வித்தியாசம் பெரியது. ஆட்களின் கூலி அன்றே கொடுக்க வேண்டியது என்பதால் அதற்கான தொகையை மட்டும் வேலை தொடங்கும் முன் வாங்கிவிடுங்கள். கேட்டால் பெரும்பாலோர் மறுப்பதில்லை.

அடுத்து, உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு). 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாட்களுக்குள்ளும், இல்லாவிட்டால் 15 நாட்களுக்குள்ளும் வாங்குபவர் பணம் கொடுக்க வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மும்மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம். 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல், குறு, சிறு நிறுவனங்களுக்கு இந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, உண்மையில் கொடுக்கும் ஆண்டு வரை வாங்குபவர் தம் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. வட்டிக்கு அஞ்சாத கணக்காளர்கள் இதற்கு அஞ்சுகிறார்கள். மார்ச் மாதத்தில் பாக்கிகள் நகர்வதை நீங்களே பார்ப்பீர்கள்.

பதிவை முதல் வேலை எடுப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள். பதிவுக்கு முன் செய்த வேலைகளின் பாக்கிக்கு இந்தச் சட்டத்தின் துணையைக் கேட்டவர்களுக்கு நீதிமன்றங்களில் நிறையத் தடைகள் எழுந்திருக்கின்றன. பதிவு எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சிடுங்கள், பெட்டியின் கதவு மூடும் முன் உள்ளே செய்த லாஷிங்கைப் படமெடுத்துப் பில்லோடு இணைத்து அனுப்புங்கள்.