ஹெட்போன் ஆம்ப்: மாற்றி அனுப்பியதும் கோளாறு. திருப்புவதா, இங்கேயே பழுது பார்ப்பதா?

செராய்க்காரன் (பாடாங் செராய், கெடா)

வணக்கம். கூலிம் பக்கம் வேலை, ஷிப்ட் முடிந்து வீடு வரும்போது பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள், ஸ்பீக்கரில் பாட்டு கேட்க வழியில்லை. அதனால்தான் பழைய சென்ஹைசர் எச்டி 600 ஹெட்போன் ஒன்றை ஒருவரிடம் வாங்கி, அதற்கென்று 480 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து, ஹெட்போனுக்குச் சிக்னலைப் பெருக்கித் தருகிற, மேசையில் வைக்கிற ஆம்ப் ஒன்றும் ஆன்லைனில் எடுத்தேன். கம்பெனி பெயர் வேண்டாம். சரக்கு வெளிநாட்டுச் சரக்கு, விற்றவர் உள்ளூர்.

முதல் ஆம்ப் கொஞ்ச நாளிலேயே இடது பக்கம் மங்க ஆரம்பித்தது. சத்தம் குறைவாக வைத்தால் இடது காதில் பாட்டே இருக்காது, வால்யூமைத் தூக்கினால் பட்டென்று வந்துவிடும், அப்புறம் நெடுநேரம் ஒழுங்காகப் பாடும். வீடியோ எடுத்து அனுப்பினேன். விற்றவர் தகராறு பண்ணாமல், பழசை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வேறொன்று அனுப்பினார். இதில் இடது பக்கம் சரி. ஆனால் சுவிட்சைப் போட்டதுமே காதில் 'டொப்' என்று ஓர் அடி விழுகிறது. பழசில் அது கிடையாது, போட்டு நாலைந்து விநாடி கழித்து உள்ளே 'டிக்' என்று சத்தம் கேட்கும், பிறகுதான் பாட்டு வரும். புதுசில் அந்த 'டிக்' கேட்கவே இல்லை. போதாததற்கு வால்யூமை ரொம்பக் குறைத்தால் வலது பக்கம் தூக்கலாக இருக்கிறது.

இப்போது விற்றவரின் குரல் மாறிவிட்டது. திருப்பினால் தபால் செலவு உங்களுடையது, தயாரித்தவர்கள் சோதித்துப் பார்த்துச் சொல்லட்டும், வாரக்கணக்கில் ஆகும் என்கிறார். இது கம்பெனியின் தரக் கோளாறா, இல்லை நம் ஊர் கரண்டும் ஈரக்காற்றும் செய்கிற வேலையா? வீட்டுக்குப் பின்னாலேயே செம்பனைத் தோட்டம், சாயங்காலம் ஆனால் இடிதான். டவுனில் ரேடியோ, டிவி பழுது பார்த்தவர் கடையை மூடிவிட்டார், அந்த இடத்தில் இப்போது கைத்தொலைபேசி உறை விற்கிறார்கள். யாரிடம் கொண்டுபோவது?

மலைமகன்77

திருப்பி அனுப்புங்கள், யோசிக்கவே வேண்டாம். உத்தரவாத ஸ்டிக்கரைக் கிழித்துத் திறந்துவிட்டால் பிறகு ஒருவரும் உங்களிடம் பேசமாட்டார்கள்.

டியூப்ராஜா

உள்ளே சிக்னலைப் பெருக்குகிற ஐசி (ஆப்ஆம்ப் என்பார்கள்) சாக்கெட்டில் உட்கார்ந்திருந்தால் அதைக் கழற்றிவிட்டு நல்ல ஆப்ஆம்ப் போட்டுப் பாருங்கள் நண்பரே. கம்பெனிக்காரன் போடுவது எல்லாம் மலிவு 5532 ஐசி. மாற்றினால் ஆளே மாறிவிடும்.

கியூசி அக்கா (லூனாஸ்)

தம்பி, தோட்டத்து வாசலில் கிலாங் (தொழிற்சாலை) பஸ் ஏறிப் பினாங்கின் பாயான் லெப்பாஸ் ஆலைகளுக்குப் போன கூட்டத்தில் நானும் ஒருத்தி. பாதி வயதைச் சோதனை லைனில்தான் கழித்தேன், ஆகையால் அந்தப் பக்கத்துக் கதையைச் சொல்கிறேன்.

பெட்டியில் 'கியூசி பாஸ்' (தரச் சோதனையில் தேறியது) ஸ்டிக்கர் இருக்கிறது என்றால் உங்கள் கையில் இருக்கிற அதே ஆம்பை ஒருவர் உட்கார்ந்து கேட்டுப் பார்த்தார் என்று அர்த்தமில்லை. மாதிரி எடுத்துச் சோதிப்பதற்கு அட்டவணை இருக்கிறது. 1000 பெட்டி உள்ள ஒரு லாட்டில் (தொகுதியில்) வழக்கமான நிலையில் 80 எடுப்போம். ஏற்பு அளவு (நூற்றுக்கு எத்தனை கெட்டதைப் பொறுக்கலாம் என்பது) 1.0 என்று வைத்திருந்தால் அந்த 80-இல் 2 கெட்டது கிடைத்தாலும் முழு லாட்டும் வெளியே போகும், 3 கிடைத்தால்தான் நிற்கும். இது பெரிய கம்பெனி. இருநூறு முந்நூறு போட்டு விற்கிற சின்னக் கம்பெனிகளில் ஒவ்வொன்றையும் சொருகிப் பார்ப்பார்கள், அது உண்மைதான், ஆனால் எப்படி? 1 கிலோஹெர்ட்ஸ் சைன் அலை கொடுத்து, இரண்டு பக்கமும் அளவு வருகிறதா, இரைச்சல் உண்டா என்று அரை நிமிடம் பார்த்துவிட்டுப் பையில் போடுவார்கள்.

அந்த அரை நிமிடத்தில் உங்கள் மூன்று புகாரில் ஒன்றுகூட மாட்டாது. இடது பக்கம் மங்குவது சத்தம் குறைந்த இடத்தில்தான், சோதனையோ நல்ல அளவு சிக்னலில் நடக்கிறது. 'டொப்' வருவது சுவிட்ச் போட்ட நொடியில், மீட்டரோ எல்லாம் அடங்கி நிலைக்கு வந்த பிறகுதான் எண் எடுக்கும். வால்யூமின் அடிமட்டத்தை ஒருவரும் அளப்பதே இல்லை. யாரோ சோம்பேறித்தனம் பண்ணினார் என்று நான் சொல்லமாட்டேன், லைன்காரப் பெண்களைத் திட்டிப் பழகிவிட்டார்கள். சோதனையை எழுதிக் கொடுத்த எஞ்சினியர், வாங்குகிறவர் எப்படிக் கேட்பார் என்று யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த வலது பக்கத் தூக்கலைப் பழுது என்று எழுதாதீர்கள், மற்ற இரண்டையும் கெடுத்துவிடும். ஒரே தண்டில் இரண்டு கார்பன் தடம் ஓடுகிற வால்யூம் அது. அடிப்பகுதியில் இரண்டும் ஒன்றாகப் போகாது. 3 டெசிபல் வரை விலகலைத் தயாரிப்பாளரே அனுமதிப்பது உண்டு. கெயின் சுவிட்ச் (எத்தனை மடங்கு பெருக்குவது என்று மாற்றுவது) இருந்தால் குறைவில் வையுங்கள், இல்லாவிட்டால் கணினியிலேயே சத்தத்தைக் குறைத்து, ஆம்பில் திருகைக் கொஞ்சம் மேலே கொண்டுபோங்கள். சரியாகிவிடும்.

ஈரக்காற்று, வெயில் என்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். முதலில் வயதாகிற பாகம் கெப்பாசிட்டர் (மின்சாரத்தைச் சேர்த்து வைப்பது), அதில் 105 டிகிரி, 2000 மணி நேரம் என்று போட்டிருப்பார்கள், சூடு 10 டிகிரி குறையக் குறைய ஆயுள் இரட்டிப்பாகும் என்பது கணக்கு. உள்ளே 45 டிகிரி இருந்தால்கூட 1,28,000 மணி நேரம் வருகிறது. நம் ஊர் வெயிலை அப்படியெல்லாம் குற்றம் சொல்ல முடியாது. கொஞ்ச நாளில் கெட்டால் அது பிறவிக் கோளாறு.

திருப்பி அனுப்புங்கள் என்பதுதான் என் கருத்து. பழசை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னாரே, அதுதான் எனக்கு எரிச்சல். திரும்பி வராத பழுது கம்பெனி கணக்கில் நல்ல சரக்கு. அடுத்த லாட்டிலும் அதே பாகம்தான் ஏறும்.

ஈயக்கம்பி (சுங்கை பட்டாணி)

அக்கா சொன்னதில் முக்கால் பங்கு சரி, முடிவில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை, கடைசியில் சொல்கிறேன்.

செராய்க்காரன் தம்பி, உங்களுக்கு இரண்டு ஆம்பில் இரண்டு விதக் கோளாறு என்று தோன்றுகிறது. எனக்கு ஒரே பாகம்தான் கண்ணில் படுகிறது. ஹெட்போன் ஜேக்குக்கு முன்னால் ஒரு ரிலே இருக்கும், கரண்ட் நிலைக்கு வரும்வரை ஹெட்போனைத் துண்டித்து வைப்பது அதன் வேலை. நீங்கள் கேட்கிற 'டிக்' அதுதான். முதல் ஆம்பில் ரிலே வேலை செய்கிறது, ஆனால் தொடுமுனையில் மெல்லிய படலம் படிந்திருக்க வேண்டும். குறைந்த சிக்னல் அதைத் தாண்டாது, சத்தத்தைத் தூக்கினால் தாண்டிவிடும். வால்யூம் தூக்கினதும் திரும்பி வருகிறது என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு வரி போதும். இரண்டாவதில் 'டிக்'கே இல்லை, அப்படியென்றால் முனை ஒட்டிக்கொண்டு எப்போதும் மூடியே கிடக்கிறது, அல்லது தாமதம் பண்ணுகிற டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகி, சுவிட்ச் போட்டதுமே ரிலேயை மூடிவிடுகிறது. திறந்து பார்க்காமல் சத்தியம் பண்ணமாட்டேன். ஜேக்கின் ஈயப் பற்று வெடித்திருந்தாலும் ஒரு பக்கம் போய்ப் போய் வரும், ஆனால் அது பிளக்கை அசைத்தால் வரும், வால்யூமுக்கு மசியாது.

டியூப்ராஜா அண்ணே, கோபப்படாதீர்கள், பழுது எங்கே என்று தெரியாமல் ஐசி மாற்றுவதை நிறுத்துங்கள். வேகமான ஆப்ஆம்பை அதற்கென்று வரையாத போர்டில் சொருகினால் காதுக்குக் கேட்காத அலைவரிசையில் ஆடிக்கொண்டே இருக்கும், விரல் வைத்தால் சுடும். அதோடு மலிவாக ஆன்லைனில் வருவதில் பாதி, மேலே எழுத்தைச் சுரண்டி வேறு எண் அடித்தது. 5532 நல்ல ஐசி, பாவம் அதற்குக் கெட்ட பெயர்.

முதலில் ஹெட்போனுக்கு டிசி கசிகிறதா என்று பாருங்கள். மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து, பாட்டு எதுவும் போடாமல், வால்யூமை அடியில் வைத்து, ஜேக்கில் வெறும் பிளக் ஒன்றைச் சொருகி, அதன் நுனிக்கும் கீழ்ப்பகுதிக்கும் நடுவே அளந்து பாருங்கள், பிறகு நடு வளையத்துக்கும் கீழ்ப்பகுதிக்கும். 10 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. 50-ஐத் தாண்டினால் நல்ல ஹெட்போனைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். உங்கள் எச்டி 600 300 ஓம், 1 வோல்ட் டிசி வந்தாலும் 3 மில்லிவாட் சொச்சம்தான் போகும், தாங்கும். அதே 1 வோல்ட் 16 ஓம் இயர்போனில் 62 மில்லிவாட், சுருளையே ஒரு பக்கம் தள்ளி வைத்துச் சூடேற்றும். ஆகவே 'டொப்' நிற்கும்வரை சோதனைக்குப் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) கிடைக்கும் பத்து வெள்ளி இயர்போன் போதும்.

ஈரம், ஊர்ச் சூழல் பற்றி: கெப்பாசிட்டர் கணக்கு சரி அக்கா, ஆனால் தோட்டத்துப் பக்கத்திலிருந்து வருகிற ஆம்பை நீங்கள் திறந்து பார்த்ததில்லை. காற்றுத் துவாரம் வழியாகச் சின்னச் சிவப்பு எறும்பு ஏறி ரிலே ஓரத்தில் மண் கொண்டுவந்து கூடு கட்டியிருக்கும். பல்லி முட்டை இரண்டு, டிரான்ஸ்பார்மர் மேல் இதமான சூட்டில் அழகாக உட்கார்ந்திருக்கும், குஞ்சு பொரித்த ஓடும் அங்கேயே. ஒன்றில் பல்லி இரண்டு ரெகுலேட்டருக்கு நடுவே கருகி ஒட்டிப்போய், அதைச் சுரண்டி எடுத்ததும் ஆம்ப் பாடியது. இடிக்கு அடாப்டரைச் சுவரிலிருந்து பிடுங்குவதுதான் மருந்து, சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, கணினிக்குப் போகும் யூஎஸ்பி வயரையும் எடுத்துவிட வேண்டும்.

இப்போது அக்காவோடு சண்டை. இரண்டாவதைத் திருப்புங்கள், திறக்காதீர்கள், அதில் ஒத்துப்போகிறேன். ஆனால் முதலாவதுக்கு மாற்று கொடுத்துவிட்டார்கள், இனி அதற்கு யாரும் உத்தரவாதம் தரப்போவதில்லை. அதைக் குப்பையில் போடவா? ரிலே சில வெள்ளிதான். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதுசு வைத்தால் அது இருபது வருடம் ஓடும். ரிலே மேல்மூடியைப் பிய்த்து முனையை மணல்தாளில் தேய்க்கிற ஆட்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம், மேலே இருக்கும் பூச்சு போய்விட்டால் அடுத்த மாதமே கறுத்துவிடும்.

வக்கீல் இல்லாத வழக்கு (பட்டர்வொர்த்)

தபால் செலவு உங்களுடையது என்று அவர் சொன்னால் அப்படியே ஒத்துக்கொள்ளாதீர்கள். விற்றவர் மலேசியாவில் இருக்கிறார் இல்லையா? 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் அவருக்குப் பொருந்தும், வெளிநாட்டுத் தயாரிப்பாளர் பின்னால் அவர் ஒளிந்துகொள்ள முடியாது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு போட 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வக்கீல் தேவையில்லை. அதற்கு முன்னால் எழுத்தில் ஒரு கடிதம் அனுப்புங்கள்: வாங்கிய தேதி, இரண்டு ஆம்பின் வரிசை எண், என்ன கோளாறு, எத்தனை நாளில் பதில் வேண்டும். வாட்ஸ்அப்பில் பேசியதையெல்லாம் படமெடுத்து வையுங்கள். பெரும்பாலும் கடிதத்தைப் பார்த்ததும் வழிக்கு வருவார்கள். வெளிநாட்டிலிருந்து நேரடியாக வாங்கியிருந்தால் இது எதுவும் இவ்வளவு எளிதில் நடந்திருக்காது.

செராய்க்காரன்

எல்லாருக்கும் நன்றி. அளந்து பார்த்தேன். பழசில் இரண்டு பக்கமும் 3 மில்லிவோல்ட் பக்கம். புதுசில் இடது 6, வலது 4, ஆனால் சுவிட்ச் போடும்போது மீட்டரில் எண் எங்கேயோ போய்த் திரும்பி வருகிறது, படிக்க முடியவில்லை. பிளக்கை அசைத்தும் பார்த்தேன், மாற்றமில்லை. உள்ளீட்டு வயர்களை இடம் மாற்றிச் சொருகினாலும் பழசில் மங்குவது இடது பக்கம்தான்.

கடிதம் அனுப்பிவிட்டேன். "தபால் செலவை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று பதில் வந்திருக்கிறது, மறுபடி மாற்று கேட்கவில்லை, பணமே திரும்பி வரட்டும் என்று சொல்லிவிட்டேன். அக்கா, அவர்களிடம் சுவிட்ச் போடும் நொடியைச் சோதிக்கச் சொல்லி எழுதினேன், படிப்பார்களோ என்னமோ.

ஈயக்கம்பி அண்ணே, பழசைத் திறந்தேன். எறும்பு இல்லை, பல்லி இல்லை, சுத்தமாக இருக்கிறது. கறுப்பு ரிலேயில் 12VDC என்று போட்டிருக்கிறது, எட்டுக் கால். பக்கத்தில் இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் மீட்டர் வைத்தால் 21 வோல்ட் காட்டுகிறது, அடாப்டரில் 15VAC (15 வோல்ட் ஏசி) என்றுதான் இருக்கிறது. இது தப்பா? வீட்டில் ஒரு 15 வோல்ட் டிசி அடாப்டர் சும்மா கிடக்கிறது, அதைப் போடலாமா?

ஈயக்கம்பி

போடாதீர்கள்! 15 ஏசியின் உச்சம் 1.41 மடங்கு, அதனால்தான் 21, அது சரியான அளவு. ஏசி இருந்தால்தான் அந்தப் போர்டு கூட்டல் பக்கமும் கழித்தல் பக்கமும் இரண்டு மின்னழுத்தம் பண்ணிக்கொள்ளும். டிசி போட்டால் ஒரு பக்கம் மட்டும் வரும், ரிலேயும் இந்த நிலைமையில் இருக்கிறது, ஹெட்போனுக்கு என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2011-இல் வந்த ஓ2 என்கிற திறந்த வடிவமைப்பு ஹெட்போன் ஆம்பிலும் இதே ஏசி அடாப்டர்தான். அதை வடிவமைத்தவர், ஒரு பக்கம் விழுந்தால் இரண்டையும் துண்டிக்கிற சுற்றைச் சேர்த்து வைத்தார். உங்களுடையதில் அது இருக்கிறதா தெரியாது.

ரிலேயின் மேலே உள்ள முழு எண்ணையும் படமெடுத்து அனுப்புங்கள், கால் வரிசை பார்த்து எடுத்து வைக்கிறேன். ஞாயிறு காலை என் கடை திறந்திருக்கும். வரும்போது அடாப்டரையும் கொண்டுவாருங்கள், முக்கால்வாசிப் பேர் அதை வீட்டில் வைத்துவிட்டு ஆம்பை மட்டும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.