மறுமொழி: ‘ஃபோனாலஜிக்கல் அவேர்னஸ்’ – ‘சொல்லொலியுணர்வு’ என்று வைக்கலாமா?

குழுவினருக்கு வணக்கம்.

‘ஃபோனாலஜிக்கல் அவேர்னஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன வைக்கலாம் என்ற கேள்விக்கு இந்த இழையில் வந்த மூன்று பரிந்துரைகளையும் படித்தேன்: ஒலியியல் விழிப்புணர்வு, ஒலிப்பகுப்பு, அசையறிவு. நான் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை. குழந்தைகளின் தொடக்க வாசிப்பை மதிப்பிடக் கற்றுக்கொண்டு வருகிறேன், இந்தச் சொல் எனக்கு அன்றாடம் தேவைப்படுகிறது. அதனால் வகுப்பறைப் பக்கத்திலிருந்து பேசுகிறேன்.

ஒரு சொல்லின் பொருளை ஒதுக்கிவைத்து, அதன் ஒலியை மட்டும் காதில் வாங்கிப் பிரிக்கவும் கூட்டவும் மாற்றவும் குழந்தைக்கு வருகிறதா? இதற்குத்தான் பெயர் தேடுகிறோம். தாள், பலகை, எழுத்தட்டை எதுவும் வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டே செய்யலாம். ‘அம்மா’ என்று சொல்லிக் கைதட்டச் சொன்னால் அம்–மா என்று இரண்டு தட்டு தட்டுகிற குழந்தை காதால் கேட்கிறது. அ, ம், மா என்று மூன்று தட்டினால் அது மனத்துக்குள் எழுத்தை எண்ணுகிறது. இரண்டையும் ஒரே கட்டத்தில் குறித்துவிட்டால் எந்தக் குழந்தைக்கு எதில் உதவி வேண்டும் என்று அப்புறம் தெரியாது. கிராமப்புறக் குழந்தைகளின் வாசிப்பை அளக்கும் அசர் ஆய்வின் வாசிப்புத் தாள் எழுத்தில் தொடங்கி, சொல், பத்தி, கதை என்று போகிறது. நாம் பேசுவது அந்த எழுத்துக்கும் முந்தைய படியைப் பற்றி.

இனி பரிந்துரைகள். ‘விழிப்புணர்வு’ வேண்டாம் என்பது என் கருத்து. சாலைப் பாதுகாப்புப் பேரணி, டெங்கு முகாம் என்று அந்தச் சொல் வேறு இடத்தில் வேரூன்றிவிட்டது. ‘ஒலிப்பகுப்பு’ நல்ல சொல்தான், ஆனால் பாதியைத்தான் சொல்கிறது. க்–அ–ல் என்று விட்டுவிட்டுச் சொன்னதைக் குழந்தை ‘கல்’ என்று கூட்டுவதும் இதே திறன்தானே!

‘அசை’ விஷயத்தில்தான் எனக்கு உண்மையான கவலை. சிலபிள், அதாவது சொல்லில் ஒரே தட்டில் ஒலிக்கும் துண்டு, என்ற பொருளில் மொழியியலார் அப்படி எழுதுகிறார்கள், சரி. ஆனால் யாப்பில் ‘புளி’ ஒரே நிரையசை. குழந்தை பு–ளி என்று இரண்டு தட்டு தட்டும், அதுதான் இங்கே சரியான விடை. தமிழாசிரியர் ஒருவர் மதிப்பீட்டுத் தாளில் ‘அசை’ என்று கண்டால் நேர், நிரை என்றுதான் யோசிப்பார். ‘ஒலியசை’ என்று வைத்துவிட்டால் இந்தக் குழப்பம் வராது.

ஆக, மொத்தத் திறனுக்குச் ‘சொல்லொலியுணர்வு’, அதற்குள் ‘ஒலியசையுணர்வு’, ‘ஒலியனுணர்வு’ என்று இரண்டு படி. ஃபோனீமுக்கு, அதாவது சொல்லின் பொருளை மாற்றக்கூடிய மிகச் சிறிய ஒலிக்கு, ‘ஒலியன்’ ஏற்கெனவே நிலைத்த சொல், அதைத் தொட வேண்டாம். நீளம் என்று சிலர் சொல்லலாம். 2022-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் கற்றல் நிலைகளுக்கு வைத்த அரும்பு, மொட்டு, மலர் மாதிரி வாயில் நிற்கிற சொற்கள் கிடைத்தால் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் பதிவேட்டுத் தலைப்பில் ‘சொல்லொலி’ என்று மட்டும் எழுதினாலே புரியும்.

ஒலியன் படியில் தமிழுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. ‘மலர்’ எந்த ஒலியில் தொடங்குகிறது என்று கேட்டால் குழந்தை ‘ம’ என்று சொல்லும், ‘ம்’ என்று சொல்லாது. நம் எழுத்தே அப்படி, உயிர்மெய் ஒரே வடிவமாக நிற்கிறது. ஆங்கிலத்துக்குச் செய்த மதிப்பெண் முறையில் இதைத் தவறு என்று போடுவது அநியாயம். ‘மெய்யின் வழியது உயிர்தோன்று நிலையே’ என்று தொல்காப்பியம் சொல்வதை ஐந்து வயதுக் குழந்தை காதால் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அதனால் நான் ஒலியைத் தனியே சொல்லச் சொல்வதில்லை. மாடு, மூக்கு, பந்து, இதில் சேராதது எது என்று கேட்கிறேன். ‘பந்து’ என்று சொன்னால் மா, மூ இரண்டிலும் ஒரே மெய் இருப்பது அதன் காதுக்கு எட்டுகிறது என்று கொள்ளலாம். ஒரே சரியான விடை தற்செயலாகவும் வரும், ஆகவே வேறு வேறு சொற்களில் கேட்டுப் பார்க்க வேண்டும். மாடு, முயல், கிளி என்று கேட்கக் கூடாது. பறவை என்பதற்காகவே குழந்தை கிளியை ஒதுக்கிவிடும், அப்போது அளந்தது ஒலியை அல்ல, பொருளை. இந்தத் திறன் வந்துவிட்ட குழந்தைக்கு 216 உயிர்மெய்களும் தனித்தனிப் பாரமாகத் தெரியாது. 18 மெய்யையும் 12 உயிரையும் கூட்டிக்கொள்ளும்.

ரைமிங்குக்கு ‘எதுகை’ என்று ஓர் ஐயா எழுதியிருந்தார். எதுகை இரண்டாம் எழுத்து ஒன்றுவது. சொல்லின் கடைசி ஒத்துவருவதற்கு ‘இயைபு’ இருக்கிறதே, அதையே வைத்துக்கொள்ளலாமா? மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.